கடல் தாண்டினால் கைத்தொழில் கூட வருமா?

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் முன்பெல்லாம் டாக்டர், இன்ஜினியர் வீடுகளில்தான் பேச்சு நடக்கும். இப்போது எங்கள் இரும்பையிலிருந்து திண்டிவனம் வரை எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரு பெண் சிங்கப்பூரிலோ துபாயிலோ லண்டனிலோ இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், சொந்த வீடா வாடகை வீடா, மாமியார் கூட இருப்பாரா என்று எல்லாம் கேட்கிறோம். பெண் இங்கே கற்றுக்கொண்ட தொழில் அங்கே போனால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பி.எட். படித்தவளும் சரி, தையல் தெரிந்தவளும் சரி, விமானம் ஏறியதும் வெறும் 'அவருடைய மனைவி'யாகி விடுகிறாள்.

இந்த இதழில் டிசைன், அச்சுத் தொழில் தெரிந்த பெண்களைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். காரணம், என் அக்கா மகள்.

அக்காவைத் திண்டிவனத்தில் கொடுத்தது. அக்கா வீட்டுக்காரர் அச்சகம் வைத்திருக்கிறார். காலால் மிதிக்கிற டிரெடில் மிஷினில் ஆரம்பித்து, ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்து, அப்புறம் சின்ன ஆப்செட் வாங்கி, இப்போது கம்ப்யூட்டர் வரை வந்து விட்டார். மகள் அந்த மை வாசனையிலேயே வளர்ந்தவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப் எல்லாம் கற்றுக்கொண்டு, அப்பா கடையில் எட்டு வருஷம் உட்கார்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், ஜவுளிக்கடைப் பை, கருமாதிப் பத்திரிகை என்று அவள் கை படாதது கிடையாது. பெயருக்கு முன்னால் 'திரு' விட்டுப்போனால் சண்டைக்கு வருகிற சம்பந்திகளையும் சமாளிக்கத் தெரியும். அதுவும் ஒரு தொழில்தானே!

2022ல் கல்யாணம். மாப்பிள்ளை லண்டனில் ஆஸ்பத்திரி நர்ஸ். தங்கமான பையன். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்கிற இடத்தில் ஜாகை. தமிழ்க் கடை, கருவேப்பிலை, முருங்கைக்காய், கோயில் எல்லாம் நடக்கிற தூரத்தில். விசாவிலும் சிக்கல் இல்லை. அங்கே அவருடைய வகை விசாவில் போகிற மனைவி வேலைக்குப் போகலாம். 'நம்ம பொண்ணு கைத்தொழில்காரி, போன மறுமாசமே சம்பாதிப்பா' என்று அக்கா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

குழந்தை பிறந்து, அது நடக்க ஆரம்பித்த பிறகுதான் வேலை தேடினாள். நாற்பது கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து ஒரு ஃபைலாக்கி டிசைன் கம்பெனிகளுக்கெல்லாம் அனுப்பினாள். மாதக் கணக்கில் பதிலே இல்லை. ஒரே ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். சோதனை வேலை என்று ஆறு நோட்டீஸ் செய்யச் சொன்னார்கள். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்து கொடுத்தாள். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து அவள் செய்த நோட்டீஸ் ஒன்று மளிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது! அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் போனில் அழுதாள் பாருங்கள், எனக்கே நெஞ்சு அடைத்தது.

அப்போது டிசம்பர். லண்டனில் அந்த மாதம் மத்தியானம் நாலு மணிக்குள் சூரியன் அஸ்தமித்து விடும். அவர் ராத்திரி ஷிப்ட் போய்விட்டால், இருட்டிய வீட்டில் இவளும் பிள்ளையும்தான். "சித்தி, காலைல எந்திரிக்கவே மனசு வரல. எதுக்கு எந்திரிக்கணும்னு தோணுது" என்றாள். இதை நான் சாதாரணப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஆன நமக்கு இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். முதலில் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அங்கே அவரவர் பகுதியில் குடும்ப டாக்டரிடம் பெயரைப் பதிந்து கொள்ள வேண்டும். அவரிடம் மனசு விஷயத்தையும் தாராளமாகச் சொல்லலாம். போய்ப் பேசி வந்தாள். கொஞ்சம் தெளிந்தது. ஆனாலும் வேலை இல்லாத குறை அப்படியே இருந்தது.

அக்காவோ என்னிடம் வந்து, "ஏதோ லட்ச ரூபா கோர்ஸாம், அதைப் படிச்சாத்தான் வேலையாம். சங்கிலிய வச்சு அனுப்பவா?" என்றாள். "இரு, பொறு. மொதல்ல நம்ம ஊரைச் சுத்திப் பாரு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

இரும்பைக்குப் பக்கத்தில்தான் ஆரோவில். 1968 பிப்ரவரி 28ந் தேதி, 124 நாட்டிலிருந்தும் நம் நாட்டு மாநிலங்களிலிருந்தும் மண் கொண்டு வந்து தாமரை மொட்டு மாதிரி பளிங்குக் கும்பத்தில் போட்டுத் தொடங்கிய ஊர். இன்றைக்கு மூவாயிரத்துக்கு மேல் ஜனங்கள் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் போல வெளிதேசத்தார். நாம் வெளிநாடு போய்த் திண்டாடுகிற மாதிரி, நம் ஊருக்கு வந்து திண்டாடுகிறவர்களை ஐம்பது வருஷமாக இந்தச் செம்மண் ரோட்டில் பார்த்துக் கொண்டிருக்கிறோம். அவர்களுக்கும் விசா உண்டு, சிபாரிசுக் கடிதம் உண்டு, காத்திருப்பு உண்டு. சுற்றுலா விசாவில் வந்து அப்படியே தங்கிவிட முடியாது. சேர்ந்த பிறகும் பெரிய சம்பளம் என்று எதிர்பார்க்க முடியாது, பராமரிப்புத் தொகைதான்.

அங்கே கையால் காகிதம் செய்கிற பட்டறை இருக்கிறது. அச்சகமும் இருக்கிறது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் பல பேர் அங்கே வேலை செய்கிறார்கள். பருத்தித் துணிக் கழிவை ஊற வைத்து, கூழாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, சல்லடைச் சட்டத்தால் முகந்து, ஒவ்வொரு தாளாக எடுத்துக் காய வைக்கிற வேலை. எங்கள் தெருவில் அந்த வேலை தெரிந்த ஒரு அம்மா சொல்வார்: "வெள்ளக்காரம்மா வந்தாங்க. அவங்க ஊர்ல பெரிய டிசைன் படிப்பு. இங்க வந்து மெல்லிசா கோடு போட்டு அச்சடிக்கச் சொன்னாங்க. நம்ம காயிதம் மையைக் குடிச்சிட்டுது. கோடெல்லாம் புழு மாதிரி ஊறிடுச்சி." அந்தப் பெண்மணி கோபித்துக்கொள்ளவில்லையாம். இரண்டு மாதம் இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கூழில் கை விட்டு, எந்தத் தாள் எவ்வளவு மை தாங்கும் என்று பார்த்தாராம். அதற்கப்புறம் தடித்த கோடு, பெரிய எழுத்து, இலை பதித்த அட்டை என்று டிசைனையே மாற்றிக்கொண்டாராம். கொண்டு வந்த படிப்பு வீணாகவில்லை. இந்த ஊர்க் காகிதத்துக்குத் தகுந்தபடி அது மாறிற்று, அவ்வளவுதான்.

இது புதுக் கதையும் இல்லை. தரங்கம்பாடியில் முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. சீகன்பால்கு பாதிரியாரின் அச்சகத்துக்காக ஜெர்மனியில் ஹாலே என்கிற ஊரில் தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினார்கள். எழுத்து வந்து சேர்ந்தது, ஆனால் ரொம்பப் பெரிசு. அதை வைத்து அடித்தால் கப்பலில் வருகிற காகிதம் கட்டுப்படியாகாது. 1713ல் ஆட்லர் என்கிற ஜெர்மன் தொழிலாளி அங்கே வந்து சேர்ந்தார். சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து பாலாடைக் கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈய மூடியை உருக்கித்தான் வார்த்தார்களாம். பக்கத்தில் பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். சமையலறைக் குப்பையிலிருந்து தமிழ் எழுத்து பிறந்தது என்று நினைத்தால் நமக்கெல்லாம் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது!

இந்தக் கதைகளையெல்லாம் அவளுக்குப் போனில் சொன்னேன். "சித்தி, காயிதக் கதை நல்லாருக்கு. எனக்கு வேலை யாரு குடுப்பா?" என்றாள். கேள்வி நியாயம்தானே. ஆனால் இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். ஃபைலைப் பிரித்துப் போட்டுவிட்டாளாம்.

நாற்பது பத்திரிகை எதற்கு? தமிழ் படிக்கத் தெரியாத முதலாளிக்கு நாற்பதும் ஒன்றுதான். எட்டை மட்டும் வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி ஆங்கிலத்தில்: வந்தவர் என்ன கேட்டார், எத்தனை பிரதி, என்ன அட்டை, எத்தனை நாளில் முடித்தோம். கூடவே அந்த ஊர்க் கடைகளுக்கு வேண்டியதாக நாலு புதிதாகச் செய்தாள். ஓட்டல் மெனு ஒன்று, முடி திருத்தும் கடை நோட்டீஸ் ஒன்று, பள்ளிக்கூட விழா அழைப்பு ஒன்று, விசிட்டிங் கார்டு ஒன்று.

அளவு விஷயத்திலேயே எத்தனை இருக்கிறது பாருங்கள்! இங்கே நாம் டெம்மி, கிரவுன் என்று அங்குலத்தில் பேசுகிறோம். அங்கே எல்லாம் மில்லிமீட்டர். ஏ4ல் பாதி ஏ5, அதில் பாதி ஏ6. நோட்டீஸ் என்றால் பெரும்பாலும் ஏ5தான். விசிட்டிங் கார்டு அங்கே 85க்கு 55 மில்லிமீட்டர். அமெரிக்கா போனால் மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், அங்கே ஏ4 தாளே புழக்கத்தில் இல்லை, எட்டரைக்குப் பதினொன்று. சுற்றிலும் வெட்டுக்காக மூன்று மில்லிமீட்டர் கலரை வெளியே நீட்டி விட வேண்டும். இங்கே அப்பா கடையில் கட்டிங் மிஷின்காரர் கண்ணளவிலேயே சரி செய்து விடுவார். அங்கே அப்படி விட்டால் ஃபைலைத் திருப்பி அனுப்பி விடுவார்கள். தேதி போடுவதில்கூட அமெரிக்காவில் மாதம் முதலில், நாள் பின்னால். 5/6 என்று போட்டுவிட்டு ஜூன் கல்யாணத்துக்கு மே மாதம் ஜனங்கள் வந்து நின்றால் யார் சாப்பாடு போடுவது?

இந்தப் புது ஃபைலை அவள் மறுபடி பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பவில்லை. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றியிருந்த அச்சுக் கடைகளுக்கு நேரிலேயே போனாள். ஐந்தாவது கடை யாழ்ப்பாணத் தமிழருடையது. அவர் ஃபைலைப் பார்த்துவிட்டு, "தமிழ் அடிப்பீங்களோ?" என்று கேட்டாராம். "எட்டு வருஷம் அதுதான் அண்ணா அடிச்சேன்" என்றிருக்கிறாள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு டிசைன் பிரமாதமாக வருகிறது. தமிழில் பிழையில்லாமல் ஒரு பக்கம் அடிக்கத்தான் கடைக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஆனால் அங்கேயும் தமிழே ஒரு பரீட்சை வைத்தது. நம் பக்கத்து அச்சகங்களில் பழகின எழுத்துரு வேறு, இலங்கைத் தமிழர் பழகின 'பாமினி' எழுத்துரு வேறு. பாமினியில் அடித்த பழைய ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் முழுக்க இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றினாலும் சில மென்பொருளில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று சிதறும். இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக உட்காருமாம். எனக்கு இதெல்லாம் சொல்லக் கேட்டதுதான், ஆனால் மூன்று தடவை கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். இந்தத் தொழில் தெரிந்த பெண் வீட்டில் இருந்தால் இந்த ஒரு வரியைக் கத்தரித்துக் கொடுங்கள்.

சொற்களும் வேறு. அங்கே பெண் பெரியவளானால் 'சாமத்தியச் சடங்கு', 'பூப்புனித நீராட்டு விழா' என்று கல்யாணப் பத்திரிகை மாதிரியே பெரிசாக அடிக்கிறார்கள். யாராவது காலமானால் 31ம் நாளுக்கு 'கல்வெட்டு' என்று ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். காலமானவரின் வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகள் எழுதின அஞ்சலி, வம்சாவளி எல்லாம் அதில் வரும். முதல் கல்வெட்டு வேலை வந்தபோது இவளுக்குக் கை நடுங்கியதாம். எண்பது வயது அம்மா ஒருவருடையது. பிள்ளைகள் கனடாவில் ஒருவர், பிரான்ஸில் ஒருவர், லண்டனில் ஒருவர். மூன்று பேரும் மூன்று விதமாகப் பெயர் எழுத்தை அனுப்பியிருந்தார்கள். பேரப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, அவர்களுக்காக ஆங்கிலப் பக்கம் ஒன்றும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, உறவு முறை கேட்டு, யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று நாசூக்காக விசாரித்து முடித்திருக்கிறாள். சம்பந்தி சண்டையைச் சமாளித்த அனுபவம் இங்கே கை கொடுத்தது!

சம்பளப் பேச்சில் அவள் காட்டிய கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. வேறொரு கடையில் 'முதல் மாசம் பழகிக்கோ, அப்புறம் கையில் ஏதாவது தரேன்' என்றார்களாம். வேண்டாம் என்று வந்துவிட்டாள். அங்கே 21 வயதானவர்களுக்கு மணிக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று சட்டம். 2025 ஏப்ரலில் அது 12 பவுண்டு 21 பென்ஸ். அதற்குக் கீழே, கணக்கில் காட்டாமல் கையில் கொடுக்கிற காசை வாங்கப் போனால் நாளைக்கு நமக்கே வம்பு. விசா விவரத்தை இணையத்தில் முதலாளி சரி பார்க்க ஒரு குறியீட்டு எண் கொடுக்கிறார்கள். ஒழுங்கான கடைக்காரர் அதை முதலில் கேட்பார். கேட்காத இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? இளம் தாய்மார்கள் முதலில் இதைத்தான் கேட்பீர்கள். இங்கிலாந்தில் மூன்று வயது முடிந்த குழந்தைக்கு, அடுத்த பள்ளிப் பருவத்திலிருந்து, வருஷத்தில் 38 வாரம், வாரத்துக்கு 15 மணி நேரம் நர்சரி இலவசம். எல்லாக் குழந்தைக்கும் உண்டு. இவள் அந்த 15 மணியை மூன்று நாளாகப் பிரித்து வாங்கி, அதே மூன்று நாள் கடைக்குப் போகிறாள். மாமியார் துணை இல்லாத ஊரில் இதைவிடப் பெரிய துணை ஏது?

எல்லா நாட்டிலும் இப்படிக் கதவு திறந்திருக்காது. சிங்கப்பூரில் 2021 மே முதல் விதி மாறிவிட்டது. கணவருடைய அட்டையில் போய் இருக்கிற பெண் வேலைக்குப் போக வேண்டுமானால், கம்பெனியே அவள் பெயரில் தனி வேலை அனுமதி வாங்கித் தர வேண்டும். வீட்டிலிருந்து காசு வாங்கிக்கொண்டு பத்திரிகை டிசைன் செய்து கொடுப்பதும் வேலைதான், அனுமதியில்லாமல் கூடாது. அமெரிக்காவில் எச்-1பி காரர் மனைவி வேலை செய்ய முடியாது என்றிருந்தது. 2015ல்தான், கணவர் பச்சை அட்டைக்கான படிகளில் ஒரு கட்டம் தாண்டியிருந்தால் அனுமதி கேட்கலாம் என்று வந்தது. எந்த நாடாக இருந்தாலும் அந்தந்த அரசாங்கத்தின் சொந்த அறிவிப்பை அன்றைய தேதியில் பார்த்துவிட்டு நிச்சயதார்த்தத் தட்டை மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னது போன வருஷத்து விதியாக இருக்கும்.

வெளிநாட்டு டிசைன் வேலை வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஏஜெண்டுகளிடமும் ஜாக்கிரதை. மத்திய அரசில் பதிவு பெற்ற ஏஜெண்டுதான் ஆள் அனுப்பலாம். அவர் வாங்குகிற கூலிக்கும் உச்சவரம்பு உண்டு, 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். பதிவு எண்ணை 'இ-மைக்ரேட்' தளத்தில் சரி பார்க்கலாம். நம் தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அங்கே கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

அக்கா சங்கிலி அடகுக்குப் போகவில்லை. அந்தக் கோர்ஸில் சொல்லித் தருவதில் முக்கால்வாசி அவளுக்குத் தெரிந்ததுதான் என்று மகளே சொல்லிவிட்டாள்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை சிங்கப்பூர். அவளும் விழுப்புரத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் பார்க்கிறவள். நான் அவளுக்குச் சொன்னது இரண்டு. கடை முதலாளியிடம் லெட்டர் பேடில், ஆங்கிலத்தில், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, எந்த மிஷின், எந்த மென்பொருள் என்று விவரமாக அனுபவச் சான்று வாங்கி வை என்றேன். செய்த வேலையில் நல்லதாக எட்டுப் பத்தின் அச்சுப் பிரதியையும் ஃபைலையும் சேர்த்துப் பெட்டியில் வை, ஊறுகாய் பாட்டில் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை என்றேன். அவள் அம்மாவுக்கு ஊறுகாய் விஷயத்தில் என்மேல் கொஞ்சம் வருத்தம்தான். பெண்ணோ, தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே டிசைன் செய்து, சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் விட்டு, போன வாரம்தான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறாள்.